பனியின் மேல் பழி போடுகிறார்கள்: ஸ்வால்பார்ட் புகைப்படப் பயணம் பற்றி ஓர் எச்சரிக்கை

ஆர்க்டிக் கடலில் உள்ள நார்வேயின் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டுக்குப் புகைப்படப் பயணம் போக முன்பணம் கட்டத் தயாராக இருப்பவர்கள், ஒரு நாள் பொறுத்து இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். 2025 ஜூன் மூன்றாம் வாரம் நான் அங்கே போய்வந்தேன். ஒன்பது நாள் கப்பல் பயணத்துக்கு 7,400 யூரோ. நான்கு ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. அந்தப் பனிப் பரப்பின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. பயணத்தை விற்ற தரகு நிறுவனம்தான் ஏமாற்றியது. கேள்வி கேட்ட ஒவ்வொரு முறையும் பழியைப் பனியின் மேல் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

விற்கும்போது சொன்னது இதுதான். பன்னிரண்டே புகைப்படக்காரர்கள் செல்லும் சிறிய கப்பல். ரப்பர் படகு ஒன்றுக்கு ஆறு பேர். ஆளுக்கொரு பக்கம் மண்டியிட்டுப் படம் எடுக்க இடம் இருக்கும். துருவப் பகுதிகளில் பல ஆண்டுகள் பணியாற்றிய ஒரு புகைப்படக் கலைஞர் கூடவே வந்து வழிநடத்துவார். விமானத்தில் எடை பெருஞ்சிக்கல் என்பதால் தொலைவில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் 600 மில்லிமீட்டர் லென்ஸை அவர்களே கப்பலில் வாடகைக்குத் தருவார்கள். அதற்குத் தனியாக 540 யூரோ. விளம்பரப் பக்கம் முழுவதும் பனிக்கரடியின் முகம். மீசை மயிரில் தொங்கும் நீர்த்துளியை எண்ணிவிடலாம், அவ்வளவு நெருக்கம். இன்னொரு பக்கத்தில் சிவந்த அந்திச் சூரியன், அதன் ஒளியில் ரோஜா நிறமாகிவிட்ட பனிச்சுவர்.

புறப்பட ஒன்பது நாள் இருக்கும்போது ஒரு கடிதம் வந்தது. எரிபொருள் விலை ஏறிவிட்டது, இந்த ஆண்டு கடற்பனி அதிகம், கப்பல் சுற்றிப் போக வேண்டியிருக்கும், ஆகவே 12 சதவீதம் கூடுதல் கட்டணம். அதாவது 888 யூரோ. கட்டாவிட்டால் இடம் ரத்து, கட்டிய பணமும் திரும்பாது என்று எழுதியிருந்தார்கள். விமான டிக்கெட் எடுத்தாகிவிட்டது, விசா கையில் இருக்கிறது, விடுப்பும் வாங்கியாகிவிட்டது. கட்டினேன்.

அப்போது எனக்குத் தெரியாமல் போனது ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் தொகுப்புச் சுற்றுலா (பேக்கேஜ் டூர்) விதியின்படி, பயணம் தொடங்க 20 நாளுக்குள் விலையை ஏற்றவே முடியாது. 8 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால், பயணி எந்த இழப்பும் இல்லாமல் விலகிக்கொள்ளலாம். நார்வேயிலும் இதே வழியில் சட்டம் இருக்கிறது. அங்கே தொகுப்புப் பயணம் விற்பவர்கள் பயணிகளின் பணத்துக்கு உத்தரவாதம் வைத்திருக்க வேண்டும். என்னிடம் விற்றவர்களோ நார்வேயிலும் இல்லை, ஐரோப்பிய ஒன்றியத்திலும் இல்லை. இணையதளத்தில் நார்வே மொழியில் ஒரு பெயரும் மலைப்படமும் இருந்ததால், நார்வே நிறுவனம் என்று நானாக நினைத்துக்கொண்டேன். பதிவு முகவரி அடிக்குறிப்பில் சின்ன எழுத்தில், வேறொரு கண்டத்தில் இருந்தது.

ஆஸ்லோ விமான நிலையத்தில் எங்கள் குழுவைச் சேர்ந்த ஒருவரின் பயணம் அங்கேயே முடிந்துபோனது. ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குள் போய்வரக்கூடிய ஷெங்கன் பகுதிக்குள் நார்வே இருக்கிறது. ஸ்வால்பார்ட் நார்வேயின் ஆட்சியில் இருந்தாலும் ஷெங்கனுக்கு வெளியே இருக்கிறது. ஆஸ்லோ வழியாகப் போய்த் திரும்பும்போது ஷெங்கனுக்குள் இரண்டாம் முறை நுழைகிறோம். விசா தேவைப்படும் நாட்டினர் எல்லோருக்கும் இருமுறை நுழைவு விசா வேண்டும். அவர் முன்கூட்டியே கேட்டிருக்கிறார். ஒருமுறை நுழைவு போதும் என்று தரகர்கள் எழுத்தில் பதில் தந்திருக்கிறார்கள். அந்தக் கடிதத்தை அவர் என்னிடம் காட்டினார். அறுபது வயதைக் கடந்தவர், ஓய்வு பெற்ற கையோடு கிளம்பி வந்தவர். கேமரா பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்த காட்சி இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான லாங்இயர்பியனின் துறைக்கு வந்து பார்த்தால், நிற்பது சிறிய கப்பல் இல்லை. ஏறத்தாழ 110 பயணிகள். பெரும்பாலானோர் ஓய்வாகச் சுற்றிப் பார்க்க வந்த குடும்பத்தினர். எங்கள் பன்னிரண்டு பேருக்கென்று (இப்போது பதினொரு பேர்) வழிகாட்டி யாரும் இல்லை. லென்ஸும் இல்லை. தொலைபேசியில் கேட்டபோது, வடக்கே பனி அடைத்துக்கொண்டதால் சிறிய கப்பலால் கிளம்ப முடியவில்லை, உங்கள் பாதுகாப்புக்காகப் பெரிய கப்பலுக்கு மாற்றினோம் என்றார்கள். வழிகாட்டிக் கலைஞருக்கு உடல்நலம் சரியில்லையாம். லென்ஸ் சரக்கு விமானத்தில் தாமதமாம்.

நான் நம்பினேன். மூன்றாம் நாள் கப்பலின் பயணக் குழுவில் இருந்த ஒரு பெண் வழிகாட்டியிடம் பேசிக்கொண்டிருந்தபோதுதான் உண்மை தெரிந்தது. "உங்கள் பன்னிரண்டு இடங்களும் ஜனவரியிலேயே இந்தக் கப்பலில் வாங்கப்பட்டவை" என்றார். ஜனவரியில், ஜூன் மாதப் பனி எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? சிறிய கப்பல் என்ற ஒன்று எந்தக் காலத்திலும் இருக்கவில்லை. சாதாரணச் சுற்றுலாப் பயணத்தில் பன்னிரண்டு இடங்களை வாங்கி, அதன் மேல் 'புகைப்படப் பயணம்' என்று பெயர் ஒட்டி, இரு மடங்கு விலைக்கு விற்றிருக்கிறார்கள். என் பக்கத்து அறைக்காரர் கப்பல் நிறுவனத்திடம் நேராக வாங்கியவர். நான் கொடுத்ததில் பாதிதான் கொடுத்திருந்தார்.

கப்பலையோ அதன் ஊழியர்களையோ நான் குறை சொல்லவில்லை. கடமை தவறாத மனிதர்கள். எங்களுக்கு என்ன சொல்லி விற்றார்கள் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

இப்போது பனிக்கரடிக்கு வருகிறேன். பலர் ஏமாறப்போவது இதில்தான்.

2025 ஜனவரி 1 முதல் ஸ்வால்பார்டில் புதிய விதிகள் வந்திருக்கின்றன. பனிக்கரடியிடமிருந்து குறைந்தது 300 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர். தற்செயலாக அதைவிட அருகில் கரடியைக் கண்டாலும் பின்வாங்கியாக வேண்டும். கரடியைத் தொந்தரவு செய்வதும், ஆசை காட்டி இழுப்பதும், துரத்துவதும் முன்பிருந்தே குற்றம்தான். இப்போது அதற்கு மீட்டர் கணக்கும் சேர்ந்திருக்கிறது. 1973 முதல் அங்கே பனிக்கரடி முழுப் பாதுகாப்பில் இருக்கும் உயிர். அந்த மாதங்களில் தாய்க்கரடிகள் குட்டிகளோடு பனியில் வேட்டையாடித் திரியும். அதைக் குலைக்கும் உரிமை எந்தக் கேமராவுக்கும் இல்லை. இந்த விதியை நான் மனமார ஆதரிக்கிறேன்.

ஆனால் எங்களுக்கு இந்தப் பயணம் விற்கப்பட்டது 2025 ஜனவரிக்குப் பிறகு. விதி வந்தது தெரிந்தே, ஜூன் மாதத்துக்கு, மீசை மயிர் தெரியும் படத்தைக் காட்டி விற்றார்கள்.

500 மீட்டர் என்றால் என்ன என்று லென்ஸ் கணக்கில் சொல்கிறேன். முழுச்சட்ட (ஃபுல் ஃப்ரேம்) கேமராவில் 400 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால், 500 மீட்டர் தூரத்தில் படத்தின் அகலத்துக்குள் 45 மீட்டர் நிலம் அடங்கும். பக்கவாட்டில் நிற்கும் கரடி இரண்டேகால் மீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால், படத்தின் அகலத்தில் இருபதில் ஒரு பங்கு. 600 மில்லிமீட்டரில் பதின்மூன்றில் ஒரு பங்கு. முகம் நிறைந்த படம் அந்தத் தூரத்தில் எந்த லென்ஸாலும் வராது. கடற்பனியின் மேல் ஒரு கரடி, சீல் மூச்சுவிட வரும் துளையருகே அசையாமல் காத்திருப்பதை இரண்டு மணி நேரம் பார்த்தோம். கப்பல் தூரம் காத்து நின்றது. எனக்குக் கிடைத்தது வெள்ளைப் பெருவெளியில் தந்தநிறப் புள்ளி. இதுதான் கிடைக்கும் என்று முன்பே சொல்லியிருந்தால் அகன்ற வெளியையும் சிறிய உயிரையும் ஒன்றாகக் காட்டும் படங்களுக்கு மனதைத் தயார்செய்துகொண்டு போயிருப்பேன். அப்படிப்பட்ட படம் மட்டம் என்று சொல்ல மாட்டேன். எதை எடுக்க வந்தோம் என்ற நினைப்பே பொய்யாகிவிட்டபோது, கை படம் எடுத்தாலும் மனம் எடுக்கவில்லை.

அந்தி ஒளிக் கதையும் அப்படியே. லாங்இயர்பியனில் ஏப்ரல் பிற்பகுதி முதல் ஆகஸ்ட் பிற்பகுதி வரை சூரியன் மறைவதே இல்லை. ஜூன் மூன்றாம் வாரத்தில் நள்ளிரவில்கூட அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 11.5 பாகை உயரத்தில் நிற்கும். வடக்கே 80 பாகைக்குப் போனால் 13 பாகை. சிவந்த அந்தியும் ரோஜாப் பனிச்சுவரும் ஜூனில் அங்கே நிகழவே முடியாது. அந்தப் படம் வேறு பருவத்தில் எடுத்தது, அல்லது வேறு இடத்தில் எடுத்தது. ஒளியையே தொழிலாகக் கொண்ட நான் இதை விளம்பரத்தில் பார்த்த அன்றே பிடித்திருக்க வேண்டும். பயணத்துக்குப் பணம் கட்டும் முன், விளம்பரத்தில் உள்ள ஒளி அந்த மாதத்தில் அந்த அட்சரேகையில் வருமா என்று சூரிய உயரம் காட்டும் செயலியில் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

ட்ரோன் பறக்க விடலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் தடை. ஸ்வால்பார்டின் பெரும்பகுதி பாதுகாக்கப்பட்ட பகுதிதான். நீ-ஒலசுண்ட் ஆய்வுக் குடியிருப்பைச் சுற்றி 20 கிலோமீட்டருக்குக் கேமராவின் வைஃபை, புளூடூத்தைக்கூட அணைத்துவைக்க வேண்டும். ஆய்வுக் கருவிகளுக்கு இடைஞ்சல் வராமலிருக்க அங்கே ரேடியோ அலைகளே எழாதபடி அமைதி காக்கிறார்கள். ட்ரோனைச் சுமந்து வந்த இருவர் அதைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை.

நேர்மையாக ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஹின்லோபன் நீரிணை உண்மையாகவே பனியால் அடைபட்டிருந்தது. அங்கே பறவைகள் பல்லாயிரக்கணக்கில் கூடும் அல்கெஃபியெல்லட் பாறைச்சுவரைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை; முடியவில்லை. அதற்காக யாரிடமும் ஒரு காசு கேட்க மாட்டேன். ஜூனில் அங்கே போகிறவர்கள் அதற்குத் தயாராகத்தான் போக வேண்டும். கேப்டன் வரைபடத்தை விரித்து, பனி எங்கே நிற்கிறது, ஏன் திரும்புகிறோம் என்று எல்லோரையும் கூட்டி விளக்கினார். பனி காரணம் என்றால் அதை இப்படித் திறந்து காட்ட முடியும்.

திரும்பி, மலைகளுக்கு நடுவே நீளும் லீஃப்டெஃபியோர்டன் என்ற கடற்கூம்புக்குப் போனோம். அதன் உள்முனையில் மொனாகோப்ரீன் பனியாறு. 1906, 1907 ஆண்டுகளில் அங்கே ஆய்வுப் பயணம் நடத்திய மொனாகோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் நினைவாக வந்த பெயர். மேகமூட்டமான நள்ளிரவு. நிழலே விழாத சாம்பல் ஒளியில் பனிச்சுவரின் நீலம் உள்ளிருந்து கசிவதுபோல் தெரிந்தது. படகு இன்ஜினை நிறுத்தியதும், மிதக்கும் பனித்துண்டுகள் படபடவென்று வெடிக்கும் ஓசை சுற்றிலும் எழுந்தது. எவ்வளவோ காலம் முன்பு அடைபட்ட காற்றுக்குமிழிகள் உருகி விடுபடும் சத்தம் அது. பனிச்சுவர் இடியோசையோடு சரியும்போதெல்லாம் கிட்டிவேக் கடற்பறவைகள் கூட்டமாக எழுந்து அந்தக் கலங்கிய நீரில் இரை தேடின. படகில் பதினொரு பேர், எனக்கு நடு இருக்கை. முன்னால் இருந்தவரின் தோளுக்கு மேலாகத்தான் எடுக்க முடிந்தது. ஐம்பது நிமிடத்தில் அடுத்த குழுவுக்கு இடம் விட்டுத் திரும்பினோம். மூன்று மணி நேரம் அங்கே இருப்போம் என்பது விற்கும்போது சொன்ன கணக்கு.

திரும்பி வந்து புகார் எழுதினேன். பதினேழு நாள் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது: பனி நிலைமை எங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத இயற்கைக் காரணம், ஆகவே ஈடு கிடையாது. பயணிகள் எண்ணிக்கைக்கும் பனிக்கும் என்ன தொடர்பு? வராத லென்ஸுக்கும் பனிக்கும் என்ன தொடர்பு? குழுவில் ஒருவர் அந்த வழிகாட்டிக் கலைஞருக்கே எழுதிக் கேட்டார். அவருக்கு உடல்நலக் குறைவும் இல்லை, இந்தப் பயணத்துக்கு அவர் ஒப்புக்கொண்டதும் இல்லை. அவருடைய படங்களையும் கேட்காமலே எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

லென்ஸ் வாடகையை மட்டும் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தேன். வங்கியில் முறையிட்டதும் 540 யூரோ திரும்பி வந்தது. மீதியை, மூன்று சதவீதம் தள்ளுபடி தருகிறோம் என்று சொல்லி வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பவைத்திருந்தார்கள். அந்தப் பணம் போனது போனதுதான்.

போக நினைப்பவர்கள் முதலில் கப்பலின் பெயரைக் கேளுங்கள். பெயர் சொல்லத் தயங்குகிறவர்களிடம் மேலே பேசவே வேண்டாம். பெயர் கிடைத்ததும் அதை இயக்கும் நிறுவனத்துக்கு நேராக எழுதி, எத்தனை பயணிகள், இந்தக் குழுவுக்குத் தனிப் படகு உண்டா என்று கேளுங்கள். ஆர்க்டிக் பயணக் கப்பல் இயக்குவோரின் சங்கமான ஏகோவின் (AECO) உறுப்பினர் பட்டியல் பொதுவில் இருக்கிறது. அதில் அந்த நிறுவனம் இருக்கிறதா என்று பாருங்கள். வழிகாட்டிக் கலைஞர் என்று யார் பெயரைப் போட்டிருக்கிறார்களோ அவரிடமே கேட்டுவிடுங்கள். ஸ்வால்பார்ட் ஆளுநர் அலுவலகத்தின் இணையதளத்தில் தூரம், ட்ரோன், தரையிறங்கும் இடங்கள் பற்றிய விதிகள் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. விற்பவர் வாக்குறுதி அந்த விதியோடு மோதினால் வாக்குறுதிதான் பொய். பணத்தை கார்டில் மட்டும் கட்டுங்கள்.

என்னிடம் விற்றவர்கள் அடுத்த ஜூன் பயணத்துக்கு முன்பதிவைத் தொடங்கிவிட்டார்கள். பன்னிரண்டே இடங்கள் என்று போட்டிருக்கிறார்கள். முகப்பில் அதே கரடி முகம், அதே சிவந்த அந்திச் சூரியன்.