கேரவன் ஷவர் கதவு ஒழுகல்: மூணு வருஷம் ஓட்டினதுல தெரிஞ்சது

நாங்க மாயவரம் பக்கம். அப்பா அம்மாவுக்கு வயசாச்சு, கோயில் கோயிலா கூட்டிட்டுப் போகணும்னு 2022ல ஒரு பழைய டெம்போ டிராவலர வாங்கி கேரவனா மாத்துனோம். பின்னாடி வலது பக்கம் சின்னதா ஒரு ஷவர் ரூம், அடியில ஃபைபர் தட்டு, அலுமினிய ஃப்ரேம் போட்ட அக்ரிலிக் கதவு. திருநள்ளாறுல எண்ணெய் தேச்சு குளத்துல முங்கிட்டு வர்ற அம்மா நல்ல தண்ணிய தலைக்கு ஊத்திட்டு மறைவா புடவை மாத்தணும், அதுக்காகவே போட்ட ரூம் அது.

ரெண்டாவது மாசமே கதவுக்கு வெளிய தண்ணி. மிதியடி போட்டு சமாளிச்சோம். ஐப்பசி மழை புடிச்சதும் வண்டிக்குள்ள எதுவுமே காயல, ஒரு நாள் வினைல் ஷீட்டு மூலைய தூக்கிப் பாத்தா அடியில பிளைவுட் ஊறிப்போய், விரல வச்சா டீயில நனைச்ச பொறை மாதிரி அமுங்குது. வயித்த கலக்கிடுச்சு.

பட்டறையில கொண்டு போய் காட்டுனோம், கதவு உக்காருற அடி சேனல்ல, அதாவது அலுமினிய காடியில, உள்பக்கம் பூரா சிலிக்கான் பசை அடிச்சு விட்டாங்க. அதுக்கப்புறம்தான் ஒழுகல் ஜாஸ்தி ஆச்சு. கதவு ஓரத்துல இருக்குற ரப்பர் பட்டைய (பீடிங்) மாத்துனேன், அதுக்கும் கேக்கல.

சரி, எங்கேருந்துதான் வருதுன்னு பாத்துடுவோம்னு கதவுக்கு வெளிய தரையில கோலமாவ ஒரு கோடா போட்டுட்டு உள்ள ஒவ்வொரு எடமா மக்குல தண்ணி ஊத்துனேன். கதவு மேல ஊத்துனப்ப ஒண்ணும் இல்ல, சேனல்ல ஊத்துன கொஞ்ச நேரத்துல ஒரு மூலையில மட்டும் மாவு நனைஞ்சுது. டார்ச் அடிச்சுப் பாத்தா விஷயம் புரிஞ்சுது. சேனல்ல உள்பக்கம் சின்னச் சின்ன ஓட்டை விட்டிருப்பாங்க, சேனலுக்குள்ள எறங்குற தண்ணி அது வழியா திரும்ப தட்டுக்கே போகணும். அத்தனை ஓட்டையையும் சிலிக்கான் அடைச்சிருந்துச்சு, தண்ணி போக வழியில்லாம சேனல்லயே நின்னு வெளிப்பக்கமா வழியுது. கீழ சேனலுக்கு சிலிக்கான் வெளிப்பக்கம்தாங்க அடிக்கணும், தயவுசெஞ்சு உள்ள அடிக்க விடாதீங்க.

பழசு மேல புதுசு ஒட்டாதுங்கிறதால பிளேடால மொத்தமா சுரண்டி எடுத்து, ஸ்பிரிட்டு போட்டு துடைச்சு, நல்லா காய விட்டு வெளிப்பக்கம் மட்டும் அடிச்சேன், 24 மணி நேரம் தண்ணி படாம வச்சேன். சிலிக்கான் வாங்குறப்ப நியூட்ரல்னு போட்டத வாங்குங்க, வினிகர் வாடை அடிக்கிறது இரும்ப அரிக்கும், எங்க வண்டியில அந்த எடத்து ஸ்க்ரூ தலையெல்லாம் துரு ஏறியிருந்துச்சு.

முக்கால்வாசி நின்னுடுச்சு. ஆனா சில ஊர்ல மட்டும் ஒழுகும், சில ஊர்ல சொட்டு கூட வராது, தலைய பிச்சுக்கிட்டேன். கொத்தனார் சித்தப்பா ஒருத்தர் இருக்காரு, அவருதான் ரசமட்டத்த தட்டுல வச்சுப் பாத்துட்டு "வண்டி வாய்க்கா பக்கம் சாஞ்சு நிக்குதுடா, தண்ணி பின்ன எங்க போகும்"னாரு. நம்ம பக்கம் நிறுத்துற எடமெல்லாம் ஆத்தங்கரை, வாய்க்கா கரை, ரோட்டோரம், இடது பக்கம் சரிவாத்தான் இருக்கும். எங்க கதவு இருக்குறதும் இடது பக்கம் பாத்து, தட்டுல தண்ணி வடியிற ஓட்டை கதவுக்கு எதிர்ப்பக்கம் பின் மூலையில, அதனால தண்ணி வடியாம கதவடியில வந்து நிக்குது. இப்ப இடது டயருக்கு அடியில பலகை குடுத்து ஏத்தி, ரசமட்டம் பாத்துட்டுதான் குளியல்.

குளிச்சதும் தட்டையும் சேனலையும் துணியால ஒத்தி எடுத்துடணும், இல்லன்னா அடுத்த வேகத்தடையில பிரேக் போடுறப்ப மிச்சம் நிக்கிறது வெளிய தெறிக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர் தண்ணி புடிச்சா உப்பு படிஞ்சு ரப்பர் வெறைச்சுப் போகுது, அந்த ட்ரிப் முடிஞ்சதும் வினிகர்ல துணிய நனைச்சு அரை மணி நேரம் போட்டு வச்சு கழுவிடுறேன். ரப்பர வருஷத்துக்கு ஒரு தடவ மாத்துறேன், பெரிய செலவு இல்ல.

ஊறிப்போன பிளைவுட்ட மூலையோட வெட்டிட்டு தண்ணி தாங்குற மரைன் பிளைவுட் வச்சாச்சு. போன மாசம் திருவெண்காடு போய்ட்டு வந்து வினைல தூக்கிப் பாத்தேன், காஞ்சுதான் கெடக்கு.