மூன்று மாதம் நின்ற கார்: எது கெடும், எது தாங்கும்

பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு கிளம்புகிறவர்கள் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்து, "வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் விடுங்க" என்பார்கள். அதற்குக் கார் சும்மா நிற்பதே மேல்.

பூட்டி நிற்கும் காரிலும் அலாரம், சென்ட்ரல் லாக் எல்லாம் சேர்ந்து சுமார் 30 மில்லி ஆம்பியர் இழுத்துக்கொண்டே இருக்கும். வாரத்துக்கு 5 ஏஎச் (ஆம்பியர்-அவர், பேட்டரியில் இருக்கும் சார்ஜின் அளவு) போச்சு. சின்ன காரின் பேட்டரியே 35 ஏஎச்தான். ஐடிலிங்கில் அஞ்சு நிமிஷம் உறுமினால் அந்த 5 திரும்பாது. சூடேறாத சைலன்சரில் தண்ணீர் தங்கி உள்ளிருந்தே துருப்பிடிப்பது தனிக்கதை. வண்டியை எடுத்தால் அரை மணி நேரம் ரோட்டில் ஓட்ட வேண்டும். ஓட்ட ஆளில்லையா, 10 எம்எம் ஸ்பேனரால் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, முனையில் துணி சுற்றி ஒதுக்கிவிடுங்கள். ரிமோட் வேலை செய்யாது; கதவைச் சாவியால்தான் பூட்ட வேண்டும். ஃபுல் சார்ஜ் என்றால் பேட்டரியில் வைத்துப் பார்க்கும் மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே வாரக்கணக்கில் கிடந்த பேட்டரியின் ஈயத் தகடுகளில் சல்பேட் உப்பு படிந்து இறுகிவிடும். பிறகு சார்ஜ் ஏற்றினாலும் பழைய தெம்பு வராது.

ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். ஈரத்தில் பின்சக்கர பிரேக் லைனிங் அதன் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பிரேக் டிஸ்க்கில் தெரியும் காவித் துருவுக்குப் பயப்பட வேண்டாம், நாலைந்து பிரேக்கில் உரசிப் போய்விடும். டயரில் வழக்கமாக 33 பிஎஸ்ஐ என்றால் 38 வரை ஏற்றி வைத்தால் அடிப்பக்கம் தட்டையாவது குறையும். ஓட்டும் முன் இறக்கிவிட வேண்டும். பெட்ரோல் டேங்கை நிரப்பி வைப்பது நல்லது; காலி இடத்தில்தான் ஈரக்காற்று தங்கும், பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் அந்த ஈரத்தை உறிஞ்சும்.

பர்ஸைப் பதம் பார்ப்பது எலி. பானட்டுக்குள் புகையிலை கட்டுவார்கள். வாசம் இருக்கிற வரைக்கும்தான் அது வேலை செய்யும். திரும்பி வந்ததும் நேரே சாவியைத் திருகாமல் ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்புகளை நெம்பிப் பாருங்கள். தேங்காய் நார், பஞ்சு, கறுப்பு அரிசி மாதிரி புழுக்கை ஏதாவது கிடந்தால் பக்கத்து வயர்களை விரலால் தடவிக்கொண்டே போங்கள். மேலுறை போய்ச் செம்பு பளிச்சிடும் இடம் இருந்தால் பேட்டரியை மாட்டாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் ஏசி ஃபில்டரையும் உருவிப் பார்த்துவிடுங்கள்.