பின்சக்கர டிஸ்க் பிரேக், மூன்று வருஷம் ஓட்டிய பிறகு

அரியாங்குப்பத்து நண்பர் போன வாரம் போன் செய்தார். "ஜீப்புக்குப் பின்னால டிஸ்க் போடப் போறேன். கேலிபரை ஆக்ஸிலுக்கு முன்னாடி வைக்கிறதா, பின்னாடியா?" கேலிபர் என்றால் சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்க்கை இரண்டு பேடால் கவ்விப் பிடிக்கிற பாகம்; ஆக்ஸில் என்றால் சக்கரங்களைத் தாங்குகிற அச்சு. போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால் எழுதுகிறேன்.

என்னுடையது பழைய லீஃப் ஸ்பிரிங் ஜீப். பின் ஆக்ஸிலில் டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு, பிராக்கெட் வெல்டு வைத்து, ஒரு காரின் பின்சக்கர கேலிபரை மாட்டினோம். ஹேண்ட்பிரேக்கும் அதிலேயே சேர்ந்தது. அந்தக் காரில் கேலிபர் ஆக்ஸிலுக்குப் பின்பக்கம் இருக்கும். என் வண்டியில் அங்கே ஷாக் அப்சார்பர் நிற்கிறது. முன்பக்கம் வைத்தாலும் அதே பிடிதான் என்றார் பட்டறைக்காரர். அது உண்மைதான்.

ஆனால் இடது கேலிபரை இடதிலேயே வைத்து முன்பக்கம் திருப்பிவிட்டார். அப்படித் திருப்பினால் பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை எடுக்கிற நிப்பிள் தரையைப் பார்க்கும். காற்று மேலே ஏறி நிற்கும், கீழே திறந்தால் ஆயில்தான் ஒழுகும். எத்தனை தடவை பிளீடிங் செய்தும், அதாவது காற்றை வெளியேற்றப் பார்த்தும், பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது. பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் போச்சு என்றார்கள். புதுசு வாங்கிப் போட்டேன், அதே பஞ்சு. அந்தக் காசை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஒரு ராத்திரி நானே கேலிபரைக் கழற்றினேன். பேடுகளுக்கு நடுவில் டிஸ்க் கனத்துக்கு மரத்துண்டு ஒன்றைச் செருகி, நிப்பிளை மேலே தூக்கிப் பிடித்தேன். தம்பி பெடலை மிதித்தான். டியூபில் முதலில் விரல்நீளக் குமிழி ஒன்று, அப்புறம் கடுகு கடுகாக. கொஞ்ச நேரத்தில் பெடல் கல் மாதிரி நின்றது.

பின்னால் இருந்ததை முன்னால் கொண்டுவந்தால் இடது வலதையும் மாற்றிப் போட வேண்டும், நிப்பிள் தானாக மேலே வந்துவிடும். மாற்றினேன். ஹேண்ட்பிரேக் கேபிள் முன்னாலிருந்து நுழைய வேண்டியது, இப்போது சுற்றிக்கொண்டு பின்னாலிருந்து நுழைகிறது. வலது பக்கம், ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு கட்டுகிற யு போல்ட்டை ஒட்டி வளைவு ரொம்பக் குறுகல். வீடு தேவனாம்பட்டினத்தில், கடலுக்குப் பக்கம். உப்புக்காற்றில் கம்பி துருவேறி அந்த வளைவிலேயே இறுகிவிடுகிறது. ஹேண்ட்பிரேக்கை இறக்கினாலும் சக்கரம் விடாது. கன்னியக்கோயில் போய் இறங்கினால் வலது டிஸ்க்கின் அனல் முகத்தில் அடிக்கும். மூன்று வருஷத்தில் மூன்று கேபிள்.

பிரேக்கைக் குறை சொன்னால் பாவம். டிரம் இருந்த காலத்தில் ஐப்பசி மழைத் தண்ணீரில் இறங்கி ஏறினால், மிதித்து மிதித்துக் காயவைத்த பிறகுதான் பிடிக்கும். இப்போது ரெண்டு மிதியில் பிடித்துவிடுகிறது. கடலூர்–புதுச்சேரி ரோட்டில் பஸ் திடீரென்று ஓரங்கட்டும்போது வண்டி நேர்கோட்டில் நிற்கிறது.

போடுவதென்றே இருந்தால், வண்டியைச் சக்கரத்தில் இறக்கி வைத்துவிட்டு பிராக்கெட்டுக்குப் புள்ளி வெல்டு மட்டும் வையுங்கள். நிப்பிள் உச்சியில் இருக்கிறதா, ஸ்பிரிங் முழுசாகத் தொங்கும்போது பிரேக் ஆயில் ஹோஸ் இழுபடாமல் எட்டுகிறதா, கேபிள் எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்துவிட்டு முழு வெல்டு அடிக்கச் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால், டிரம்மிலேயே இருங்கள். இன்று காலையும் வலது சக்கரம் இறுகி, வண்டி வாசலை விட்டு நகரவில்லை. நாலாவது கேபிள் வாங்க மஞ்சக்குப்பம் கிளம்புகிறேன்.