சத்தமில்லாத வீடு: இருப்பதா, பிரிவதா, நடுவில் நிற்பதா?

சண்டை போடும் தம்பதிக்கு அறிவுரை சொல்ல உறவு முழுக்க ஆள் இருக்கிறது. சண்டையே போடாத தம்பதிக்குத்தான் யாரும் இல்லை. "பால் முடிஞ்சிருச்சு", "டியூஷன் காசு கட்டியாச்சா", "நாளைக்கு நான் லேட்" என்று வாட்ஸ்அப்பிலேயே குடும்பம் நடக்கும். பக்கத்து அறையில் இருப்பவருக்கும் வாட்ஸ்அப்தான். இதை அம்மாவிடம் சொன்னால் மூன்று கேள்வி வரும். அடிக்கிறாரா? குடிக்கிறாரா? சம்பளம் கொடுக்கிறாரா? மூன்றுக்கும் அவர் எதிர்பார்த்த பதில் கிடைத்துவிட்டால், "அப்புறம் என்னம்மா உனக்குக் குறை?"

அந்த வீட்டில் இருப்பவர்களுக்காகத்தான் இந்த அலசல். இந்தத் தனிமை ஆண்களுக்கும் உண்டு. என்னிடம் மனம்விட்டுப் பேசியவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதால் எழுத்து அந்தப் பக்கம் சாயலாம். அடி, மிரட்டல், பூட்டிவைத்தல் இருக்கும் வீட்டுக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது. அங்கே முதல் வேலை பாதுகாப்பு. சிங்கப்பூரில் 1800-777-0000 என்ற தேசிய உதவி எண் இரவு பகலாக இயங்குகிறது. குடும்ப நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணையும் கேட்கலாம். மற்றதெல்லாம் பிறகு.

பலர் ஒப்பிடுவது இரண்டை மட்டும்தான்: பிள்ளைகளுக்காகப் பொறுத்துப்போவது, இல்லாவிட்டால் விவாகரத்து. சிங்கப்பூரில் இருக்கும் ஒருவருக்கு உண்மையில் ஐந்து வழிகளாவது உண்டு. ஒப்பிடுவதற்கு முன் ஒன்றைப் பிரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். தனிமையாக இருப்பது ஒரு பிரச்சினை, வெளியேற முடியாமல் சிக்கியிருப்பது வேறு பிரச்சினை. ஒன்றுக்கு உதவும் வழி மற்றதற்கு உதவாமல் போகலாம். கீழே ஒவ்வொன்றையும் நான் இந்த இரண்டு கேள்விகளோடுதான் பார்க்கிறேன்.

அப்படியே இருப்பது

இதை யாரும் ஒரு முடிவாக எண்ணுவதில்லை, முடிவெடுக்காமல் இருப்பதாகத்தான் நினைக்கிறார்கள். "பிஎஸ்எல்இ முடியட்டும்" என்று தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வைக் காட்டுவார்கள். பிறகு உயர்நிலை நான்கு, பிறகு மகன் தேசிய சேவைக்குப் போகட்டும் என்பார்கள். அதற்குள் பத்து வருடம் போயிருக்கும்.

ஆனால் இந்த வழியை எளிதில் ஒதுக்கவும் முடியாது. அமெரிக்கச் சமூகவியலாளர் பால் அமேட்டோவின் ஆய்வுகள் இங்கே முக்கியம். பெற்றோர் ஓயாமல் மோதும் வீட்டில், பிரிவு பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் நிம்மதியைத் தருகிறது. மோதல் குறைந்த வீட்டில் நடக்கும் பிரிவோ அவர்களை அதிகம் பாதிக்கிறது, ஏனென்றால் அவர்கள் அதை எதிர்பார்த்திருக்கவே மாட்டார்கள். நம் சத்தமில்லாத வீடு இந்த இரண்டாவது வகை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அப்பா இருக்கிறார், அம்மா இருக்கிறார், சாப்பாடு இருக்கிறது, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. "பிள்ளைக்கு எல்லாம் தெரியும், பிரிந்தால் அதற்கும் நல்லதுதான்" என்று நண்பர்கள் ஆறுதல் சொல்வார்கள். எல்லா வீட்டிலும் அது உண்மை இல்லை.

இதன் விலை உங்கள் தலையில் விழுகிறது. தனிமை தீராது, சிக்கல் நாளாக நாளாக இறுகும். வேலையை விட்டுப் பிள்ளை வளர்த்தவருக்கு ஒவ்வொரு வருடமும் திரும்ப வேலைக்குப் போவது கடினமாகிறது, மசேநி (மத்திய சேமநிதி) கணக்கிலும் ஒன்றும் ஏறாது. இருக்கத்தான் போகிறீர்கள் என்றால் கையில் வருமானத்தோடு இருங்கள். வெளியேற முடிந்தும் இருப்பவருக்கும், முடியாமல் இருப்பவருக்கும் அதே வீடு ஒன்றாகத் தெரிவதில்லை.

இருந்துகொண்டே சரிசெய்யப் பார்ப்பது

ஆலோசனை என்றாலே "அவர் வரமாட்டார்" என்று அங்கேயே நின்றுவிடுகிறோம். தம்பதியாகப் போவதையும் தனியாகப் போவதையும் தனித்தனியே எடைபோட வேண்டும்.

தம்பதியாகப் போவதற்கு இருவரும் ஒத்துக்கொள்ள வேண்டும். நம் ஆண்களில் பலர் இதை நீதிமன்றத்தில் நிறுத்துவதுபோல் பார்க்கிறார்கள். "நம்ம வீட்டு விஷயத்தை எவனோ ஒருத்தன்கிட்ட போய்ச் சொல்றதா?" வந்தாலும் முதல் சில முறை யார் சரி என்ற வழக்காகத்தான் ஓடும். அதைத் தாண்டினால் பலன் உண்டு. உறவு செத்துவிட்டதா, களைத்துக் கிடக்கிறதா என்பதாவது தெரியும்.

தனியாகப் போக யார் சம்மதமும் வேண்டாம். உங்கள் வட்டாரக் குடும்ப சேவை நிலையத்துக்கு நேரே போகலாம், பெரும்பாலான உதவி இலவசம். தமிழில் பேச வேண்டுமென்றால் 1991-இல் தொடங்கிய சிண்டாவுக்கும் (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) குடும்ப சேவை நிலையம் இருக்கிறது. "அங்கே போனால் தெரிந்தவர் கண்ணில் படுவோமே" என்று தயங்குபவர்கள் வேறு வட்டாரத்தில் ஏதாவது வழி உண்டா என்று தொலைபேசியில் கேட்கலாம். சமூகம் சிறிது, அந்தப் பயம் நியாயமானதே. நள்ளிரவில் மனம் மிகவும் கனத்தால் சமாரிட்டன்ஸ் அமைப்பின் 1767 எண்ணில் ஒரு குரல் இருக்கும்.

என் கணக்கில் ஐந்து வழிகளில் செலவு குறைவானது, இழப்பும் குறைவானது தனியாகப் போவதுதான். அது கணவரை மாற்றாது. ஆனால் தனிமையின் அழுத்தம் சற்றே இறங்கியபின் எடுக்கும் முடிவு வேறு தரமாக இருக்கும். கூடவே, கணவர் ஒருவர்தான் நமக்குப் பேச்சுத்துணை என்ற ஏற்பாட்டையும் உடைக்க வேண்டும். ஊரில் மூன்று சித்தி, நாலு அத்தை என்று பிரிந்து கிடந்த பேச்சை இங்கே ஒரே ஆள்மேல் ஏற்றிவைத்திருக்கிறோம். சமூக மன்ற வகுப்போ, கோயில் தொண்டோ, நூலகத்தில் கூடும் வாசிப்புக் குழுவோ, வாரம் ஒரு மாலை உங்களுக்கென்று வெளியே போங்கள். இது திருமணத்துக்கு மருந்தாகாது, உங்களுக்கு ஆகும்.

யாரும் பட்டியலில் சேர்க்காத ஒரு வழியும் உண்டு. அலுவலகத்தில் ஒருவர் காதுகொடுத்துக் கேட்பார், அது மெல்ல வளரும். ஒழுக்கப் பாடம் நடத்த நான் வரவில்லை. ஆனால் அது கள்ள உறவானால் விவாகரத்துக் காரணம் எதிராளி கைக்குப் போகிறது, சமாதானமாகப் பிரியும் வாய்ப்பும் பெரும்பாலும் அங்கேயே முடிகிறது. தனிமைக்கு உடனே இதம் தருவதும் இதுதான், மற்ற எல்லா வழிகளையும் கெடுப்பதும் இதுதான்.

ஒரே கூரையில் தனித்தனியாக

வீட்டு வாடகை விற்கும் விலைக்கு இன்னொரு வீடு எடுக்க முடியாது. ஆகவே அவர் ஓர் அறை, நானும் பிள்ளைகளும் ஓர் அறை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) நாலறை வீடுகள் பலவற்றில் இது எழுதப்படாத ஒப்பந்தமாக ஓடுகிறது.

சட்டத்தில் இதற்கு ஓர் இடம் உண்டு. முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்துக்கும் விவாகரத்துக்கும் இங்கே உள்ள சட்டமான மாதர் சாசனப்படி மூன்று வருடம் பிரிந்திருந்து இருவரும் சம்மதித்தால் விவாகரத்து கேட்கலாம். ஒருவர் சம்மதிக்காவிட்டால் நான்கு வருடம். ஒரே வீட்டில் இருந்தபடியும் பிரிந்திருக்கலாம், ஆனால் இரண்டு குடித்தனமாக வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். தனி அறை மட்டும் போதாது. அவருக்குச் சமைத்து, அவர் துணியைத் துவைத்து, அவர் தம்பி கல்யாணத்துக்கு ஜோடியாகப் போய் நின்றுகொண்டு, "நாங்கள் மூன்று வருடமாகப் பிரிந்திருக்கிறோம்" என்றால் எடுபடுவது சிரமம். நம் வீடுகளில் தனி அறை வந்தபிறகும் சாம்பார் ஒரே சட்டியில்தான் கொதிக்கிறது. வருடங்களை எண்ணுபவர்கள் வழக்கறிஞரிடம் போய்ப் பிரிவு ஒப்பந்தம் எழுதிக்கொள்வது நல்லது. எந்தத் தேதியிலிருந்து பிரிவு, யார் என்ன செலவு, பிள்ளைகள் யாரோடு என்பதெல்லாம் அதில் வந்துவிடும்.

தேதியும் திட்டமும் இல்லாமல் இந்த ஏற்பாட்டில் விழுவதுதான் ஐந்திலும் மோசம் என்பேன். தனிமை கூடுகிறது, சிக்கலும் அப்படியே இருக்கிறது, பிள்ளைகள் தூது போகிறார்கள். "அப்பாகிட்ட கரண்ட் பில் கட்டச் சொல்லு." அந்த வேலையைப் பிள்ளைக்குக் கொடுக்கும் எந்த ஏற்பாடும் அமைதியான ஏற்பாடு இல்லை.

விவாகரத்து: எந்தக் கதவு வழியாக?

திருமணமாகி மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும் என்பது பொது விதி. கள்ள உறவு, கைவிட்டுப் போதல் போன்ற காரணங்கள் சத்தமில்லாத வீட்டுக்கு அனேகமாகப் பொருந்தாது. முன்பெல்லாம் இப்படிப்பட்டவர்களுக்கு மிஞ்சியது இரண்டு: வருடக்கணக்கில் பிரிந்து காத்திருப்பது, அல்லது "சகிக்க முடியாத நடத்தை" என்று எழுதுவது. பின்னது என்றால் பத்து வருடத்தில் அவர் சொன்ன, சொல்லாத, மறந்த எல்லாவற்றையும் பத்தி பத்தியாக எழுத வேண்டும். அதுவரை மௌனமாக இருந்த மனிதர் அதைப் படித்தபிறகு மௌனமாக இருப்பாரா?

2024 ஜூலை 1 முதல் மூன்றாவது கதவு திறந்திருக்கிறது: இருவரும் ஒத்துக்கொண்டு பிரிவது. யார் குற்றவாளி என்று எழுத வேண்டியதில்லை. மணவாழ்க்கை ஏன் முறிந்தது, சேர்ந்து வாழ என்ன முயற்சி எடுத்தீர்கள், பிள்ளைகளுக்கும் பணத்துக்கும் என்ன யோசித்திருக்கிறீர்கள் என்று இருவரும் சொல்ல வேண்டும். சேர வாய்ப்பிருக்கிறது என்று தோன்றினால் நீதிமன்றம் ஏற்காது. நடத்தையைக் குற்றம் சாட்டுவதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தயக்கமே இல்லை. பிள்ளைகளின் பட்டமளிப்புக்கும் கல்யாணத்துக்கும் இந்த மனிதரோடு ஒரே வரிசையில் உட்கார வேண்டியிருக்கும். ஒரே குறை, அவரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொள்ளாதவரிடம் பழைய கதவுகள்தான். முஸ்லிம் தம்பதிகளுக்கு மாதர் சாசனத்தின் விவாகரத்து விதிகள் பொருந்தாது. அவர்கள் ஷரியா நீதிமன்றம் போக வேண்டும்.

எல்லாவற்றிலும் ஒத்துப்போனால் செலவு சில ஆயிரம் வெள்ளியில் முடியலாம். இழுத்தால் அது பல மடங்காகும். இடைக்காலத் தீர்ப்புக்கும் இறுதித் தீர்ப்புக்கும் நடுவே குறைந்தது மூன்று மாத இடைவெளி உண்டு. 21 வயதுக்குக் கீழ் பிள்ளை இருந்தால், பெற்றோருக்கான ஒரு கட்டாய நிகழ்ச்சியையும் முடிக்க வேண்டும்.

வீடுதான் கண்ணைக் கட்டும் இடம். குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் (பொதுவாக ஐந்து வருடம்) முடியாத வீவக வீட்டைச் சந்தையில் விற்க முடியாது, சில சமயம் கழகத்திடமே திருப்பித்தர வேண்டிவரும். முடிந்த வீட்டை விற்றால், எடுத்த மசேநி பணத்தை வட்டியோடு கணக்கில் திரும்பப் போட வேண்டும். கையில் ரொக்கமாக நிற்பது நினைத்ததைவிடக் குறைவாக இருக்கும். வீட்டை வைத்துக்கொள்ள விரும்பினால், பிள்ளைகள் உங்கள் பராமரிப்பில் இருப்பது தகுதிக்கு உதவும். தனியாள் என்ற முறையில் வைத்துக்கொள்ள 35 வயதாகியிருக்க வேண்டும். இரண்டிலும் மிச்சக் கடனைக் கட்டும் வருமானம் வேண்டும்.

"நான் சம்பாதிக்கவில்லை, எனக்கு ஒன்றும் கிடைக்காது" என்ற பயம் மட்டும் பெரும்பாலும் தேவையற்றது. வீட்டைப் பார்த்துக்கொண்டதும் பிள்ளை வளர்த்ததும் இங்கே பங்களிப்பாகவே எண்ணப்படுகின்றன. ஒருவர் மட்டும் சம்பாதித்த நீண்ட காலத் திருமணங்களில் சரிபாதியை நோக்கிச் சாய்வதே போக்கு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017-இல் ஒரு தீர்ப்பில் சொல்லியிருக்கிறது.

சிக்கல் அவிழும், சரி. தனிமை? பிள்ளைகள் அப்பா வீட்டுக்குப் போகும் முதல் சனிக்கிழமை எப்படிப் போனது என்று கடந்து வந்தவர்களைக் கேளுங்கள். விவாகரத்து தனிமையைத் தீர்ப்பதில்லை, தீர்த்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது.

பிள்ளைகளோடு ஊருக்குப் போய்விடுவது

டிசம்பர் விடுமுறைக்கு மதுரையோ தஞ்சாவூரோ போய், அப்படியே திரும்பாமல் இருந்துவிடலாம் என்ற எண்ணம் பலருக்கு வருகிறது. அம்மா மடி, சொந்த மொழி, தனிமைக்கு இதைவிட நல்ல மருந்து இல்லைதான். ஆனால் பிள்ளைப் பொறுப்பு குறித்து நீதிமன்ற ஆணை இருந்தால், மற்றவரின் எழுத்துச் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ இல்லாமல் பிள்ளையை சிங்கப்பூரிலிருந்து வெளியே கொண்டுபோக முடியாது. பிள்ளையை வைத்திருப்பவர் ஒரு மாதத்துக்குக் குறைவாக அழைத்துப்போகலாம், அவ்வளவுதான். ஆணை இல்லாத நிலையில் போய்விட்டாலும் வழக்கு பின்னாலேயே வரும். பிள்ளைக் கடத்தல் பற்றிய ஹேக் உடன்படிக்கையில் சிங்கப்பூர் இருக்கிறது, இந்தியா இல்லை. அதனால் இரண்டு நாட்டு நீதிமன்றங்களில் வருடக்கணக்கில் இழுபடலாம், இடையில் பிள்ளையின் பள்ளி அந்தரத்தில் தொங்கும். இருவரும் பேசி எழுதிக்கொண்டு போவது வேறு. சொல்லாமல் போவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

என் வரிசை

சத்தமில்லாத வீடு, பிள்ளைகள் தொடக்கப்பள்ளியில், கையில் வேலை உண்டு என்றால்: முதலில் தனியாக ஆலோசனை, அப்புறம் அவரை ஒருமுறை தெளிவாக அழைப்பது. ஆறு மாதமோ ஒரு வருடமோ ஒரு கெடு. அதற்குள் எதுவும் அசையாவிட்டால் ஒத்துப்பிரிதல். பிள்ளைகளிடம் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சொல்வது, ஏனென்றால் அவர்கள் எதிர்பார்க்காதது அது.

கையில் வேலை இல்லையென்றால் வரிசையில் முதலிடம் வேலைக்கு. அதுவரை வீட்டுச்செலவுக்கே கணவர் தராத நிலை என்றால், விவாகரத்து கேட்காமலேயே மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பராமரிப்புத் தொகை கேட்டு விண்ணப்பிக்கலாம், இது பலருக்குத் தெரியாது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும், வருமான வரம்புக்குள் இருந்தால், சட்ட உதவிப் பிரிவை நாடலாம்.

கணவரின் வேலை அனுமதியை ஒட்டிய சார்ந்திருப்போர் அனுமதியில் வந்தவர்களின் நிலை எல்லாரையும்விடக் கடினம். 2021 மே முதல் அவர்கள் வேலை பார்க்கத் தனி வேலை அனுமதி வேண்டும். திருமணம் முடிந்தால் இங்கே இருக்கும் அனுமதியும் கேள்விக்குறியாகும். அவர்கள் எந்தத் தாளிலும் கையெழுத்திடும் முன், கணவரிடம் "விவாகரத்து" என்ற சொல்லை எடுக்கும் முன்னரே, ஒரு வழக்கறிஞரையோ சமூக மன்றத்தில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனையையோ பார்த்துவிட வேண்டும். கடப்பிதழ், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்கள் அன்றே கைப்பையில் இருக்கட்டும்.