வீணைக்குத் தனி இருக்கையா, சரக்கறையா?

மதுரையிலிருந்து விமானத்தில் வீணையைக் கொண்டுசெல்பவர், பக்கத்து இருக்கைக்கும் பயணச்சீட்டு வாங்கி அதை உடன் வைத்துக்கொள்ளலாம். அல்லது ஃபைபர் பெட்டியில் பூட்டிச் சரக்கறைக்கு அனுப்பலாம். செலவு குறைவது இரண்டாவது வழியில்தான். ஆனால், ஏறத்தாழ நான்கடி நீளமுள்ள தஞ்சாவூர் வீணையின் 24 மெட்டுகளும் (தந்தியை அழுத்தி வாசிக்கும் உலோகக் கட்டைகள்) மெழுகில் பதிக்கப்பட்டவை என்பதால், சித்திரை வெயிலில் பெட்டி ஓடுதளத்தோரம் வண்டியிலேயே கிடந்தால் மெழுகு இளகி மெட்டுகள் நகரக்கூடும். பிறகு சுருதி சுத்தமாக மேளம் கட்ட, அதாவது மெட்டுகளை மெழுகில் மீண்டும் பதிக்க, தேர்ந்த ஆசாரியைத் தேட வேண்டியிருக்கும். குடமும் (உருண்டையான பகுதி) தண்டியும் (நீண்ட கழுத்துப் பகுதி) தனித்தனியே செய்து இணைக்கப்பட்ட ஒட்டு வீணையானால், பெட்டியைத் தூக்கிப் போடும்போது இணைப்பே விட்டுப்போகலாம்.

தனி இருக்கைக்கு விமான நிறுவனத்தின் முன் அனுமதி தேவை. மதுரை–சென்னைத் தடத்தில் ஏடிஆர் போன்ற சிறிய விமானம் அமைந்தால், இடம் போதுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

ஒரே பலாமரத்தில் கடைந்த பழைய ஏகாண்ட வீணையை நான் ஒருபோதும் சரக்கறைக்கு அனுப்பச் சொல்லமாட்டேன். புதிய வீணையை, தந்திகளைச் சற்றே தளர்த்தி, சுரைக்குடுக்கையைக் கழற்றி, தந்திகளைத் தாங்கும் குதிரையைச் சுற்றிப் பஞ்சு வைத்து அனுப்பலாம். யானைத் தந்த வேலைப்பாடு இருந்தால், எந்த வழியில் சென்றாலும், வெளிநாட்டுப் பயணத்துக்கு முன் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை) அனுமதி பற்றி வனவிலங்குத் துறையிடம் விசாரித்தாக வேண்டும்.