டிஸ்பேஸ், ஒமேகா எஸ், கலெக்ஷன்பில்டர்: ஒரே கடிதத்தை மூன்றிலும் ஏற்றிப் பார்த்தால்

ஒரு கடிதத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். நான்கு பக்கம். தேதி கிடையாது. உறையில் அஞ்சல் முத்திரை பாதி அழிந்திருக்கிறது. கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் வேறு யாரோ பென்சிலால் "சுமார் 1890" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். டிஜிட்டல் ஆவணகம் கட்ட எந்த மென்பொருள் நல்லது என்று கேட்பவர்களிடம், இப்படி முரண்டு பிடிக்கும் பொருள் ஒன்றை முதலில் ஏற்றிப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். தெளிவான தலைப்பும் தேதியும் உள்ள பத்துப் புகைப்படங்களை ஏற்றினால் எல்லா மென்பொருளும் நன்றாகத்தான் தெரியும்.

வரலாறு, இலக்கியம், மொழி, கலை என்று ஆய்வு செய்கிறவர்கள் முன்னால் பெரும்பாலும் மூன்று வழிகள் வந்து நிற்கும். பல்கலைக்கழக நூலகம் ஏற்கெனவே நடத்துகிற டிஸ்பேஸ் போன்ற களஞ்சியம் ஒன்று. தனக்கென்று ஒரு தரவுத்தளம் வைத்துக்கொள்ளும் ஒமேகா எஸ் இரண்டாவது. தரவுத்தளமே இல்லாத ஸ்டாட்டிக் தளம் மூன்றாவது. அதற்கு கலெக்ஷன்பில்டரை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். மூன்றும் இலவசம், மூன்றும் திறந்த மூலம். ஆகவே விலையை வைத்து முடிவெடுக்க முடியாது. திட்ட நிதி தீர்ந்து, வேலை பார்த்த மாணவர்களும் கிளம்பிப் போன பிறகு இதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

டிஸ்பேஸ் 2002இல் எம்ஐடி நூலகமும் எச்பி ஆய்வகமும் சேர்ந்து உருவாக்கியது. ஆய்வுக் கட்டுரைகளையும் ஆய்வேடுகளையும் பத்திரப்படுத்துவதே அதன் இயல்பான வேலை. குழுமம், அதற்குள் தொகுப்பு, அதற்குள் உருப்படி என்று ஒரு மரம்போல அடுக்கும். நம் கடிதத்தை அதில் போட்டால் அதற்கு ஒரு நிலையான முகவரி கிடைக்கும், மற்ற நூலகங்கள் அதன் விவரங்களைத் தானாக அறுவடை செய்துகொள்ளவும் வழி இருக்கிறது. இது பெரிய விஷயம். ஆனால் கடிதத்தில் பேசப்படும் மூன்று பேர் வேறு எந்தக் கடிதங்களில் வருகிறார்கள் என்று பின்தொடர நினைத்தால் கை கட்டப்பட்டதுபோல் இருக்கும். 2021இல் வந்த 7ஆம் பதிப்பு உருப்படிகளை ஒன்றோடொன்று இணைக்க வழி தருகிறது. அதை அமைக்க நூலகத்தின் தொழில்நுட்பக் குழு மனம் வைக்க வேண்டும். ஜாவா, போஸ்ட்கிரஸ், சோலர், முகப்புக்கு ஆங்குலர் என்று இத்தனையும் ஓடும் சர்வரை ஓர் ஆய்வாளர் தனியாகத் தாங்க முடியாது. உங்கள் நூலகம் நடத்தினால் பயன்படுத்துங்கள், நீங்களே நிறுவாதீர்கள்.

ஒமேகா என்பது சுவாஹிலிச் சொல். பொருள்களைப் பரப்பி வைப்பது, நாம் சொல்கிறோமே, கடை விரிப்பது, அதுதான் அர்த்தம். ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் ராய் ரோசன்ஸ்வைக் மையம் 2008இல் அதை வெளியிட்டது; ஒரே நிறுவலில் பல தளங்களை நடத்தக்கூடிய ஒமேகா எஸ் 2017இல் வந்தது. அந்தப் பென்சில் குறிப்புக்கு இங்கேதான் சரியான இடம் கிடைக்கிறது. தேதிப் புலத்தில் 1890 என்று போட்டு, அந்த மதிப்புக்கே ஒரு துணைக் குறிப்பு சேர்க்கலாம்: "கடைசிப் பக்க ஓரத்தில் பென்சில் குறிப்பு, வேறு கையெழுத்து." கடிதம் எழுதியவர் பெயரை வெறும் எழுத்தாகத் தட்டாமல், அவரையே தனி உருப்படியாக வைத்து இணைக்கலாம். அவர் பக்கத்தைத் திறந்தால் அவர் எழுதியவை, அவருக்கு வந்தவை எல்லாம் வரிசையாக வரும். நான்கைந்து பேர் வெவ்வேறு ஊர்களிலிருந்து ஒரே நேரத்தில் விவரம் சேர்க்கும் திட்டம் என்றால் ஒமேகா எஸ்ஸுக்கு இணை மற்ற இரண்டும் இல்லை.

சரி, இத்தனை வசதிக்கு என்ன விலை? பிஎச்பியும் மைஎஸ்க்யூஎல்லும் ஓடும் சர்வர் எப்போதும் விழித்திருக்க வேண்டும். பாதுகாப்புத் திருத்தம் வரும்போதெல்லாம் யாராவது புதுப்பிக்க வேண்டும். நீங்கள் நம்பியிருக்கும் கூடுதல் மாட்யூல் (துணை நிரல்) ஒன்றை எங்கோ ஒரு தனிநபர் எழுதியிருப்பார். மையப் பதிப்பு முன்னேறி அந்த மாட்யூல் பின்தங்கிவிட்டால் தளம் பாதியில் நிற்கும். நான் வேலை செய்த ஒரு தொகுப்புக்கு இதுதான் நடந்தது. நிதி முடிந்த இரண்டாம் ஆண்டில் சர்வரின் பிஎச்பி பதிப்பை மாற்றினார்கள், தளம் வெள்ளைப் பக்கமாகிவிட்டது. தரவு எதுவும் அழியவில்லை. ஆனால் எடுத்துத் தர ஆள் இல்லாத தரவை வைத்துக்கொண்டு ஆய்வாளர் என்ன செய்வார்? அந்த வருத்தம் இன்னும் எனக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் ஸ்டாட்டிக் தளங்களை மதிப்போடு பார்க்க ஆரம்பித்தேன். கலெக்ஷன்பில்டர் ஐடஹோ பல்கலைக்கழக நூலகத்தில் உருவானது. ஒரு விரிதாள், அதில் பொருளுக்கு ஒரு வரி. அதை சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த எளிய எழுத்துக் கோப்பு) கொடுத்தால் ஜெக்கில் என்னும் கருவி அட்டவணையிலிருந்து பக்கங்கள், வரைபடம், காலக்கோடு எல்லாவற்றையும் வெறும் எச்டிஎம்எல்லாகச் செய்து தள்ளிவிடும். உள்ளே ஓடுவதற்கு எதுவும் இல்லை, ஆகவே பழுதாகவும் அதிகம் இல்லை. கோப்புகளை எந்த சர்வரில் வைத்தாலும் திறக்கும். நம் கடிதத்தின் நான்கு பக்கங்களையும் ஒரே தாய் வரியின் கீழ் நான்கு பிள்ளை வரிகளாகக் கொடுத்துவிடலாம். பென்சில் குறிப்புக்குத் தனியாக ஒரு நெடுவரிசை போட வேண்டியதுதான்.

இதிலும் இடிக்கிற இடங்கள் உண்டு. தேடல் முழுக்க வாசகரின் பிரவுசருக்குள்ளேயே நடக்கிறது. பொருள்கள் பல்லாயிரம் ஆனால் மூச்சு வாங்கும். தேடலுக்குப் பயன்படும் லூனர் என்னும் நிரல் அடிப்படையில் ஆங்கிலத்தை வைத்து எழுதப்பட்டது. வேறு எழுத்துகளில் விவரம் தருகிறவர்கள் தளத்தை வெளியிடும் முன் தேடலைச் சோதித்தே ஆக வேண்டும். கிட்ஹப் பேஜஸ் என்னும் இலவசச் சேவையில் வெளியிடும் தளம் 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும். மனிதருக்கு மனிதர் உறவை இணைத்துக் காட்டுவது ஒமேகா அளவுக்கு வராது. லாகின் கிடையாது. ஒரு சமூகத்தின் சடங்குப் படங்களை அந்தச் சமூகத்தார் மட்டுமே பார்க்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தால் இந்த வழியே வேண்டாம். ஆஸ்திரேலியாவின் வாருமுங்கு மக்களோடு சேர்ந்து உருவான முகுர்த்து என்ற மென்பொருள் அந்தத் தேவைக்கென்றே பிறந்தது. யார் எதைப் பார்க்கலாம் என்பதை அந்தச் சமூகமே அதில் முடிவுசெய்கிறது.

இன்னொரு விஷயத்தை எந்த மென்பொருளும் தீர்க்காது. மூலப் படங்கள். ஏ4 அளவுத் தாள் ஒன்றை 400 பிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 400 புள்ளிகள்), 24 பிட் நிறத்தில், சுருக்காத டிஃப் வகைப் படக் கோப்பாக ஸ்கேன் செய்தால் கிட்டத்தட்ட 46 எம்பி வரும். ஆயிரம் பக்கத்துக்கு 46 ஜிபி. இவற்றைத் தளத்துக்குள் திணிக்கக் கூடாது. தளத்தில் ஜேபெக் போதும். டிஃப் கோப்புகளை, ஒவ்வொன்றின் செக்சம்மோடு (கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்க்க உதவும் குறியீடு), குறைந்தது மூன்று பிரதிகளாக, ஒன்றையாவது வேறு ஊரில் வைக்க வேண்டும். ஐரோப்பாவின் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்ன் நடத்தும் செனோடோ என்ற களஞ்சியம் ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை ஏற்கிறது, டிஓஐ என்னும் நிலையான அடையாளக் குறியும் தருகிறது. அங்கே படம் புரட்டிப் பார்க்க வசதி குறைவு, ஆனால் பத்திரப்படுத்தத்தானே போடுகிறோம்.

பெரிய நிறுவனத்திடம் ஒப்படைத்தால் கவலை விட்டது என்றும் இருக்க முடியாது. 2023 அக்டோபரில் நடந்த ரான்சம்வேர் (கணினிகளை முடக்கிப் பணம் கேட்கும் நிரல்) தாக்குதலில் பிரிட்டிஷ் நூலகத்தின் இணையச் சேவைகள் முடங்கின; இணையப் பட்டியல் அடுத்த ஜனவரியில்தான், அதுவும் குறைந்த வசதிகளோடு, திரும்பியது. 2024 அக்டோபரில் இன்டர்நெட் ஆர்கைவும் தாக்குதலுக்குள்ளாகிச் சில நாட்கள் முடங்கியது.

இப்போது என்னிடம் கேட்டால், இரண்டு மூன்று பேர், சில ஆயிரம் பொருள்கள், மூன்றாண்டு நிதி என்ற நிலைக்கு கலெக்ஷன்பில்டரும் செனோடோவும் சேர்ந்த ஏற்பாட்டைத்தான் சொல்வேன். பலர் கூடி எழுதும், உறவுகளே ஆய்வின் மையமாக இருக்கும் திட்டத்துக்கு ஒமேகா எஸ். ஆனால் முதல் நாளே, நிதி முடியும்போது தளத்தை ஸ்டாட்டிக் பிரதியாக இறக்கி வைக்கும் வேலைக்கும் ஆள்கூலி ஒதுக்கிவிடுங்கள். எதை எடுத்தாலும் ஐம்பது பொருள் ஏறியதும் ஒரு மதியம் ஒதுக்கி, எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பாருங்கள். அந்தக் கடிதத்தின் நான்கு பக்கங்களும் வரிசை மாறாமல், பென்சில் குறிப்பு பற்றிய வரியோடு வெளியே வருகிறதா என்று பார்த்துவிட்டு ஐம்பத்தொன்றாவதை ஏற்றுங்கள்.