சென்னையிலிருந்து அமெரிக்கா: குறைந்த நேர டிரான்சிட் எந்த ஊரில் தாங்கும்?

சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு டிக்கெட் தேடினால் மேலே வந்து நிற்பவை பெரும்பாலும் மொத்தப் பயண நேரம் குறைவான டிக்கெட்டுகள்தான். நடுவில் விமானம் மாறக் கிடைப்பது ஒன்றேகால் மணி, ஒன்றரை மணி, இரண்டு மணி. "ஒன்றரை மணி நேரம் போதுமா?" என்று என்னிடம் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: எந்த ஊரில், யாருக்கு? தோஹாவில் இருபத்தைந்து வயதுப் பையனுக்கு அது போதும். அதே பையன் நியூயார்க்கில் இறங்கி அடுத்த உள்நாட்டு விமானத்தைப் பிடிக்க அந்த ஒன்றரை மணி நேரம் போதவே போதாது.

முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். டிக்கெட்டில் 75 நிமிடம் என்று இருந்தால் அது உங்கள் கையில் இருக்கும் 75 நிமிடம் இல்லை. கேட் 15 முதல் 20 நிமிடம் முன்பே மூடிவிடும். பின்வரிசையில் உட்கார்ந்திருந்தால் விமானத்தை விட்டு வெளியே வரவே கால் மணி நேரம் ஆகும், அதுவும் விமானத்தையும் கட்டடத்தையும் இணைக்கும் ஏரோபிரிட்ஜில் நின்றால்தான். தூரத்தில் நிறுத்திப் பஸ்ஸில் ஏற்றினால் இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் போய்விடும். மிச்சம் அரை மணி நேரம், அதற்குள்தான் செக்யூரிட்டி வரிசையும் நடையும்.

"அடுத்த விமானம் கிடைக்காது என்றால் அந்த டிக்கெட்டை ஏன் விற்கிறார்கள்?" என்பது அடுத்த கேள்வி. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் குறைந்தபட்ச இணைப்பு நேரம் என்று ஒன்று உண்டு. ஃபிராங்க்ஃபர்ட்டில் முதல் டெர்மினலுக்குள் 45 நிமிடம், வியன்னாவில் வெறும் 25 நிமிடம், லண்டன் ஹீத்ரோவில் ஐந்தாம் டெர்மினலுக்குள்ளேயே என்றால் 60, மூன்றிலிருந்து ஐந்துக்கு மாற வேண்டுமென்றால் 90. அதற்கு மேல் ஒரு நிமிடம் இருந்தாலும் டிக்கெட் விற்கலாம். ஆனால் அந்தக் கணக்கு, விமானம் சரியான நேரத்துக்கு வந்து, பயணி வேகமாக நடக்கிறவராகவும் இருந்தால் சரியாக வரும் கணக்கு.

என் அம்மா அப்படி நடக்கிறவர் இல்லை. தங்கையின் பிரசவத்துக்காக அவர் முதல்முறை தனியாகப் போனபோது நடுவில் ஒன்றே முக்கால் மணி நேரம் இருந்தது, முழங்கால் வலிக்காக வீல்சேரும் கேட்டிருந்தோம், போதும் என்றுதான் நான் நினைத்தேன். சென்னையில் மழையால் 40 நிமிடம் தாமதம். போய் இறங்கியதும், வீல்சேர் பயணிகளை எல்லோரும் இறங்கிய பிறகு கடைசியாகத்தான் இறக்குவார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கேட்டுக்குப் போனபோது மூடிவிட்டார்கள். அடுத்த விமானம் மறுநாள். ரத்த அழுத்த மாத்திரை பெரிய பெட்டிக்குள் இருந்தது, பெட்டி விமான நிலையத்துக்குள் எங்கேயோ இருந்தது. அந்த இரவுக்குப் பிறகுதான் இதையெல்லாம் ஊர் ஊராக ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பித்தேன்.

தோஹாவையும் துபாயையும் முதலில் எடுத்துக்கொள்வோம், நம் ஆட்கள் அதிகம் போவது இந்த இரண்டு வழியில்தான். தோஹாவின் ஹமத் விமான நிலையம் 2014இல் திறந்தது, பயணிகளுக்கு ஒரே டெர்மினல். இறங்கியதும் டிரான்ஸ்ஃபர் பலகையைப் பின்தொடர்ந்தால் ஒரு செக்யூரிட்டி, அதைத் தாண்டினால் பெரிய மஞ்சள் கரடிப் பொம்மை நிற்கும் கூடம், அங்கிருந்து எல்லா கேட்டுகளும் ஒரே கூரைக்கடியில். தூரத்து கேட்டுகளுக்கு உள்ளேயே சின்ன ரயில் ஓடுகிறது. துபாயில் எமிரேட்ஸ் பயன்படுத்தும் மூன்றாம் டெர்மினல் ஏ, பி, சி என்று நீண்டு கிடக்கிறது. சி பக்கம் இறங்கி ஏ பக்கம் ஏற வேண்டுமென்றால் நடை, செக்யூரிட்டி, ரயில் என்று அரை மணி நேரம் சர்வ சாதாரணமாகப் போய்விடும். நடையில் மட்டும் ஒப்பிட்டால் என் ஓட்டு தோஹாவுக்கு. வேகமாக நடப்பவருக்குத் தோஹாவில் ஒன்றரை மணி, துபாயில் இரண்டு மணி என்று வைத்துக்கொள்கிறேன், அதற்குக் கீழே நான் யாருக்கும் எடுத்துக் கொடுப்பதில்லை.

ஒன்று கவனிக்க வேண்டும். இந்த டிரான்ஸ்ஃபர் செக்யூரிட்டியில், கைப்பையில் எந்தத் திரவமும் 100 மில்லிக்கு மேல் கூடாது என்ற விதி இருக்கிறது. சென்னையில் கைப்பையில் விட்டுவிட்டார்கள் என்பதற்காக இங்கும் நெய்யையும் ஊறுகாயையும் விடுவார்கள் என்று நம்பாதீர்கள். பையைத் திறந்து பார்க்க ஆரம்பித்தால் பத்து நிமிடம் அதிலேயே போகும், பொருளும் போகும். பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள்.

தோஹா, துபாய் இரண்டுக்கும் பொதுவான குறை, அந்த ஊர்களில் மிச்சப்படுத்திய நேரத்தை அமெரிக்காவில் திருப்பிக் கொடுக்க வேண்டியிருப்பது. அமெரிக்காவில் முதலில் கால் வைக்கும் விமான நிலையத்திலேயே இமிக்ரேஷன் முடிக்க வேண்டும், பெட்டியை எடுக்க வேண்டும், கஸ்டம்ஸ் தாண்ட வேண்டும், பெட்டியை மறுபடி போட வேண்டும், மறுபடி செக்யூரிட்டியில் நிற்க வேண்டும். பெட்டியில் கடைசி ஊரின் பெயர் ஒட்டியிருந்தாலும் இதுதான். எனவே நியூயார்க்கில் இறங்கி ராலேவுக்கோ சார்லட்டுக்கோ போகிறவர்கள் தோஹாவில் இருக்கும் ஒன்றரை மணி நேரத்தைப் பற்றிக் கவலைப்படுவதைவிட நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையத்தில் இருக்கும் ஒன்றரை மணி நேரத்தைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். அங்கே மூன்று மணி நேரம் வேண்டும், முதல்முறை போகும் பெற்றோர் என்றால் நான்கு. கத்தார் ஏர்வேஸும் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஜேஎஃப்கேயில் ஒரே எட்டாம் டெர்மினலில் இருப்பது ஒரு பெரிய நிம்மதி. எமிரேட்ஸ் நான்காம் டெர்மினல், அங்கிருந்து வேறு டெர்மினல் என்றால் டெர்மினல்களை இணைக்கும் ஏர்டிரெயினில் ஏறி, புதிதாகச் செக்யூரிட்டி.

கிரீன் கார்டு, அமெரிக்க பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் மொபைல் பாஸ்போர்ட் கன்ட்ரோல் என்ற இலவச செயலியைப் போட்டுக்கொண்டால் தனி வரிசை கிடைக்கும். சுற்றுலா விசாவில் வரும் நம் பெற்றோருக்கு அது இல்லை. அவர்கள் பெட்டியில் பச்சைக் கறிவேப்பிலை இருக்கவே கூடாது, எந்த நாட்டிலிருந்தும் அதற்கு அனுமதி இல்லை. பொடி, அப்பளம் என்று கொண்டுபோகும் சாப்பாட்டுச் சாமான்களைக் கேட்டால் "இருக்கிறது" என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் தனியாகப் பெட்டியைப் பார்ப்பார்கள், அதற்கும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். சொல்லாமல் மாட்டினால் அபராதம்.

இங்கேதான் அபுதாபி வேறுபடுகிறது. 2014 முதல் அங்கே அமெரிக்க இமிக்ரேஷனும் கஸ்டம்ஸும் நடக்கிறது. 2023 நவம்பரில் திறந்த புது டெர்மினல் ஏ-வுக்குள்ளேயே அமெரிக்க அதிகாரிகள் உட்கார்ந்து கேள்வி கேட்டு முத்திரை வைத்துவிடுவார்கள். நியூயார்க்கில் உள்நாட்டுப் பயணிபோல இறங்கி வெளியே வந்துவிடலாம், மேலே போக வேண்டியவர்களுக்கும் ஒரே டிக்கெட்டில் பெட்டி கடைசி ஊர்வரை பதிவாகியிருந்தால் நடுவில் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. அந்த வரிசையும் கூடுதல் செக்யூரிட்டியும் அபுதாபியிலேயே நேரம் தின்னும், அதனால் அங்கே இரண்டு மணிக்குக் குறைவாக எடுப்பது தவறு, மூன்று இருந்தால் நிம்மதி. சுருக்கமாகச் சொன்னால் தோஹாவும் துபாயும் காத்திருப்பைப் பயணத்தின் கடைசியில் வைக்கின்றன, பதினான்கு மணி நேரம் உட்கார்ந்து கால் வீங்கிப்போய் இறங்கும்போது. அபுதாபி அதை நடுவில் வைக்கிறது, ஆள் இன்னும் தெளிவாக இருக்கும்போது. அந்த வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் அடுத்துப் புறப்படும் அதே சில விமானங்களுக்குத்தான் போகிறார்கள், எனவே எத்தனை பேர் உள்ளே நிற்கிறார்கள் என்று நிறுவனத்துக்கும் தெரிந்திருக்கும். வயதானவர்களுக்கு நான் அபுதாபியைச் சொல்வது இதற்காகத்தான். குறை என்னவென்றால் அங்கிருந்து நேரடியாகப் போகும் அமெரிக்க நகரங்கள் துபாயைவிடக் குறைவு.

ஃபிராங்க்ஃபர்ட்டும் லண்டனும் வேறு வகை. முதல் விமானமே பத்து, பதினோரு மணி நேரம் என்பதால் இரவைத் தூங்கியே கழித்துவிடலாம், வளைகுடா வழியில் நான்கு மணி நேரத்தில் எழுப்பி இறக்கிவிடுவார்கள். தூக்கம் முக்கியம் என்பவர்களுக்கு இது நல்ல வழி, இதை நான் லேசாகச் சொல்லவில்லை. ஆனால் இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு இரண்டு இடத்திலும் செக்யூரிட்டி மறுபடி உண்டு, ஃபிராங்க்ஃபர்ட்டில் பி பகுதி கேட்டுகளிலிருந்து இசட் பகுதி வரை நீண்ட நடை, அமெரிக்க விமானம் என்றால் ஆவணச் சோதனை தனி. 45 நிமிடம் சட்டப்படி போதும் என்றாலும் இரண்டு மணிக்குக் குறைவாக வேண்டாம்.

விசா விஷயமும் இங்கேதான் சிக்கல். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரர்கள் லண்டனில் விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் மாறுவதற்கே டிரான்சிட் விசா வேண்டும், செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் விலக்கு. ஜெர்மனி போன்ற ஷெங்கன் (ஒரே விசாவில் நுழையக்கூடிய ஐரோப்பிய) நாடுகளில் இலங்கை பாஸ்போர்ட்டுக்கு ஏறக்குறைய இதே விதிதான். போகும்போது பிரச்சினை வராது. அமெரிக்க விசா முத்திரை காலாவதியாகி, அதைப் புதுப்பிக்க ஊர் திரும்பும் எச்1பி வேலை விசா ஆட்களுக்குத்தான் செக்-இன் கவுன்ட்டரில் அதிர்ச்சி காத்திருக்கும். வளைகுடாவில் உள்ளேயே மாறுவதற்கு இந்த விசாத் தொல்லை இல்லை.

அடுத்த விமானத்தைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதை வைத்துப் பார்த்தால் எந்த ஊர் மேல் என்பது மறுபடி மாறும். ஒரே டிக்கெட்டில் இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு, ஆனால் அடுத்த விமானம் எப்போது என்பதுதான் முக்கியம். நியூயார்க்குக்குத் துபாயிலிருந்தும் தோஹாவிலிருந்தும் ஒரு நாளில் ஒன்றுக்கு மேல் உண்டு, சின்ன நகரங்கள் என்றால் மறுநாள்தான். டிக்கெட் போடும் முன் இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரவு தங்க வேண்டி வந்தால், அமெரிக்க விசாவோ கிரீன் கார்டோ உள்ள இந்தியர்களுக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் (துபாய், அபுதாபி) 14 நாள் விசா போய் இறங்கியதும் கிடைக்கும், கத்தாரிலும் நிபந்தனைகளோடு முன்விசா இல்லாமல் நுழையலாம். ஃபிராங்க்ஃபர்ட்டில் ஷெங்கன் விசா இல்லையென்றால் வெளியே விடுதிக்குப் போக முடியாது, உள்ளேதான் இரவு.

ஐரோப்பிய வழி என்றால் தாமதத்துக்கு 600 யூரோ கிடைக்கும் என்று பலர் சொல்கிறார்கள். நம் பயணத்துக்கு அது பொருந்தாது. புறப்படுவதும் போய்ச் சேருவதும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து, நடுவில் மட்டும் அங்கே மாறினால் இந்த இழப்பீட்டைத் தரும் 261/2004 விதி பொருந்தாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் சொல்லிவிட்டது. அந்த வழக்கு மால்டோவாவிலிருந்து வியன்னா வழியாக பாங்காக் போனவருடையது. சென்னை, ஃபிராங்க்ஃபர்ட், பாரிஸ் என்று ஐரோப்பாவிலேயே முடிந்தால் அது வேறு கதை.

டெல்லி வழியாக ஏர் இந்தியாவில் போவதையும் கேட்கிறார்கள். அங்கிருந்து நேராக அமெரிக்கா என்பதும் நம் மொழி பேசும் யாராவது உடன் வருவார்கள் என்பதும் நல்ல விஷயம். டிசம்பர், ஜனவரியில் டெல்லி மூடுபனி எதையும் நம்ப விடாது, 2025 ஏப்ரலிலிருந்து பாகிஸ்தான் வான்வழியும் நம் விமானங்களுக்கு மூடியிருப்பதால் பயண நேரமும் கூடிவிட்டது. அந்த இரண்டு மாதங்களில் குறைந்தது நான்கு மணி நேரம் விடுங்கள்.

தனித்தனி டிக்கெட் வாங்கி நாமே இணைப்பது மட்டும் எந்த ஊரிலும் வேண்டாம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு உங்களிடம் எந்தக் கடமையும் இல்லை, புது டிக்கெட்டைக் கையிலிருந்து வாங்க வேண்டியதுதான்.

அம்மா இந்த வருடம் மறுபடி தங்கை வீட்டுக்குப் போகிறார். அபுதாபி வழி, நடுவில் மூன்றரை மணி நேரம், நியூயார்க்கில் தங்கையே வந்து காரில் கூட்டிப்போகிறாள். இடைப்பாதை இருக்கையாக, முடிந்தவரை முன்பக்கம், கொஞ்சம் பணம் கட்டி வாங்கிவிட்டேன். வீல்சேர் கேட்டிருக்கிறேன், கடைசியாக இறக்குவதற்கும் சேர்த்துத்தான் அந்த மூன்றரை மணி நேரம். மாத்திரைகளும் மருத்துவர் சீட்டும் கைப்பையின் முன் ஜிப்பில், ஒரு வாரத்துக்கு.